ஐடில் ஆடுதா, பிக்கப் இல்லையா? ஏர் இன்டேக்க எந்த வரிசையில செக் பண்ணணும்

சிக்னல்ல மிதிக்காம ஐடில்ல நிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு மேல கீழ ஆடுது, ஏசி போட்டா வண்டி உதறுது, மிதிச்சா பிக்கப் வரமாட்டேங்குது, செக் இன்ஜின் லைட் வேற எரியுது. இதுல ஏதாவது ஒண்ணு வந்ததும் நம்மாளுங்க செய்யற முதல் வேலை ஸ்ப்ரே டப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்து திராட்டில் பாடிய, அதாவது மிதிக்க மிதிக்க தட்டு தொறந்து காத்த உள்ள விடற பாகத்த, கழட்டி கழுவறதுதான். ரெண்டு நாள் நல்லா ஓடற மாதிரி இருக்கும், மூணாவது நாள் பழையபடி ஆடும், அப்புறம் பிளக் மாத்துவாங்க, சென்சார் மாத்துவாங்க, பர்ஸ் காலி.

ஏர் இன்டேக்க, அதாவது இன்ஜினுக்கு காத்து போற பாதைய, வரிசையா செக் பண்றதுக்கான இந்த வழிகாட்டி முழுக்க பெட்ரோல் வண்டிய மனசுல வெச்சு எழுதினது. டீசலுக்கு கடைசி பக்கம் கொஞ்சம் சொல்றேன். வரிசைய மாத்தாம போங்க, ஏன்னா ஒவ்வொரு ஸ்டெப்பும் அடுத்த ஸ்டெப்புல எங்க பாக்கணும்னு சொல்லிட்டுதான் போகும்.

1. முதல்ல, உங்க வண்டி காத்த எங்க அளக்குதுன்னு கண்டுபிடிங்க

சுத்த பெட்ரோல் ஒரு கிராம் சரியா எரியணும்னா காத்து 14.7 கிராம் வேணும். எவ்வளவு காத்து உள்ள வருதுன்னு தெரிஞ்சாத்தான் இசியு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) எவ்வளவு பெட்ரோல் அடிக்கணும்னு முடிவு பண்ண முடியும். அத அளக்க ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு மாஃப் சென்சார். ஃபில்டர் பாக்ஸ தாண்டினதும் பைப்புலயே உக்காந்துக்கிட்டு, தன்னை தாண்டிப் போற காத்த கிராம் கணக்குல எண்ணும். இன்னொண்ணு மேப் சென்சார். அது திராட்டிலுக்கு அந்தப் பக்கம் இன்டேக் மேனிஃபோல்டுல (காத்த சிலிண்டர்களுக்கு பிரிச்சு விடற குழாய்) இருக்கும், உள்ள இருக்கற பிரஷர மட்டும் பாத்து சொல்லும், இசியு அதோட ஆர்பிஎம்மையும் காத்தோட சூட்டையும் சேத்து கணக்கு போட்டுக்கும். நம்ம ஊர் சின்ன பெட்ரோல் கார்கள்ல நிறைய மேப் டைப்தான்.

எது உங்களுதுன்னு பாக்க ஃபில்டர் பாக்ஸுக்கு அடுத்த பைப்புல ஒரு பிளக் இருக்கான்னு பாருங்க, வயர் எண்ணுங்க. நாலு அஞ்சு வயர் இருந்தா மாஃப். ரெண்டே வயர்னா அது வெறும் காத்து டெம்பரேச்சர் சென்சார். இத மாஃப்னு நெனச்சு புதுசு ஆர்டர் பண்ணினவங்கள நானே பாத்திருக்கேன்.

இத ஏன் முதல்லயே சொல்றேன்னா, ஒரே ஓட்டை ரெண்டு வண்டியில ரெண்டு விதமா வேலை செய்யும். மாஃப் வண்டியில சென்சார தாண்டி எங்க ஏர் புடிச்சாலும் அந்தக் காத்து கணக்குலயே வராது, பெட்ரோல் பத்தாது, வண்டி உதறும், தும்மும். மேப் வண்டியில திராட்டிலுக்கு முன்னாடி பைப்பு கிழிஞ்சிருந்தா ஓட்டத்துல ஒண்ணுமே தெரியாது, ஆனா ஃபில்டர் ஆகாத தூசி நேரா இன்ஜினுக்குள்ள போகும். திராட்டிலுக்கு பின்னாடி லீக்னா மேனிஃபோல்ட் பிரஷர் ஏறும், இசியு அதுக்கும் சேத்து பெட்ரோல் அடிக்கும், அதனால வண்டி தும்மாது, ஐடில் 750ல நிக்க வேண்டியது 1100, 1200னு ஏறி நிக்கும். ‘என் ஃப்ரெண்டு வண்டிக்கு இதே ப்ராப்ளம், இத மாத்தினான் சரியாச்சு’ன்னு யாராவது சொன்னா, அது மாஃப் வண்டியா மேப் வண்டியான்னு கேட்டுட்டு அப்புறம் கையில ஸ்பானர எடுங்க.

2. கையில என்ன வேணும்

10ம் நம்பர் ஸ்பானர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், நல்ல டார்ச், செடிக்கு தண்ணி அடிக்கற ஸ்ப்ரே பாட்டில், சுத்தமான வெள்ளை பனியன் துணி, பேனா பேப்பர். இதோட ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர், அதாவது இசியுல இருக்கற ரீடிங்க போனுக்கு அனுப்பற சின்ன பிளக். இந்தியாவுல 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்ல ஓபிடி 2 கட்டாயம், அதனால ஸ்டியரிங்குக்கு கீழ அந்த 16 பின் சாக்கெட் இருக்கும், போன்லயே லைவ் டேட்டா பாத்துக்கலாம்.

வண்டி சமதரையில, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல. இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் ஃபேன் எந்த நிமிஷமும் சுத்த ஆரம்பிக்கும், அதனால கழுத்து செயின், துண்டு, துப்பட்டா எதுவும் தொங்கக்கூடாது. கிளாம்ப் எதையும் கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க, ஏன்னா எந்த சின்ன ஹோஸ் எந்த மூக்குல இருந்துச்சுன்னு அரை மணி நேரம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

3. எதையும் தொடறதுக்கு முன்னாடி ரீடிங் எழுதிக்கோங்க

புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு இதுதான், முதல்லயே செக் லைட்ட அழிச்சுடறாங்க இல்ல பேட்டரிய கழட்டிடறாங்க. இசியு இவ்வளவு நாளா கத்துக்கிட்டு வெச்சிருந்த ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோல கூட்டி குறைக்கற திருத்தம்) அத்தனையும் அழிஞ்சு போயிடும், அதாவது டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்ட கிழிச்சு போட்டுட்டு போற கதை.

இன்ஜின் ஆஃப்ல, சாவிய ஆன்ல மட்டும் வெச்சு மேப் ரீடிங் பாருங்க. அந்த நேரத்துல அது வெளிக்காத்தோட பிரஷரத்தான் காட்டணும். சென்னையில 100, 101 கிலோபாஸ்கல், கோயம்புத்தூர்ல 96 பக்கம், ஊட்டியில கிட்டத்தட்ட 77. சென்னையில நின்னுக்கிட்டு 85 காட்டுச்சுன்னா சென்சாரே பொய் சொல்லுது. காத்து டெம்பரேச்சரையும் பாத்துக்கோங்க, காலையில வண்டி எடுக்காம இருக்கும்போது அது வெளிய இருக்கற வெயிலோட ஒத்துப் போகணும். மைனஸ் 40 காட்டுதுன்னா பிளக் மாட்டல, இல்லைன்னா வயர் அறுந்திருக்கு.

அடுத்து ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் நல்லா சூடாகட்டும், ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஐடில்ல மேப் 28லருந்து 40க்குள்ள இருந்தா நல்லது. 50 பக்கம் போச்சுன்னா எங்கயோ ஏர் புடிக்குது, இல்ல இன்ஜின்ல வேற வில்லங்கம் இருக்கு. மாஃப் வண்டியா இருந்தா இன்ஜின் எத்தனை லிட்டரோ ஏறக்குறைய அத்தனை கிராம், கொஞ்சம் கூட இருக்கலாம், ஒரு செகண்டுக்கு.

இப்ப ஃப்யூல் ட்ரிம். சைலன்சர் பக்கம் இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் சொல்றத கேட்டு இசியு எவ்வளவு சதவீதம் பெட்ரோல கூட்டுது குறைக்குதுன்றதுதான் இது. ஷார்ட் (அந்த நேரத்துக்கு பண்ற திருத்தம்), லாங் (நாள்பட கத்துக்கிட்ட திருத்தம்) ரெண்டையும் கூட்டிக்கோங்க. ஐடில்ல ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வெச்சு ஒரு தடவை எழுதுங்க. ப்ளஸ் மைனஸ் 10க்குள்ள இருந்தா கவலை இல்ல. மாஃப் வண்டியில ஐடில்ல +20 இருந்து 2500ல +5க்கு எறங்கிச்சுன்னா அது ஏர் லீக்தான், ஏன்னா ஓட்டை வழியா வர்ற காத்து பெருசா மாறாது, மொத்த காத்து கூடக் கூட அந்த ஓட்டையோட பங்கு குறைஞ்சுடும். தலைகீழா, ஐடில்ல சரியா இருந்து மிதிக்க மிதிக்க ப்ளஸ் ஏறுதுன்னா ஃப்யூல் பம்ப், ஃப்யூல் ஃபில்டர் இல்ல அழுக்கான மாஃப். அந்த வண்டிக்கு ஹோஸ் ஹோஸா தேடி பிரயோஜனம் இல்ல.

அடாப்டர்ல எரர் கோடு ஏதாவது காட்டினா அதையும் எழுதிக்கோங்க. பி0171 வந்தா பெட்ரோல் பத்தல, பி0507 வந்தா ஐடில் கூட இருக்கு, பி0113 வந்தா காத்து டெம்பரேச்சர் சென்சார் லைன் அறுந்திருக்கு. கோடு சொல்றது அறிகுறிய மட்டும்தான். பி0171 வந்ததும் ஆக்ஸிஜன் சென்சார் மாத்தறது காய்ச்சல் வந்ததுக்கு தர்மாமீட்டர மாத்தற மாதிரி.

4. ஃபில்டரும் பாக்ஸும்

கிளிப் எல்லாம் விட்டு மூடிய தூக்குங்க. ஃபில்டர விட முக்கியம், ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜின் பக்கம் இருக்கற சுவர். வெள்ளைத் துணிய விரல்ல சுத்தி அங்க ஒரு இழுப்பு இழுங்க. துணியில மண் வந்தா ஃபில்டர் சரியா உக்காரல, இல்ல அதோட ரப்பர் ஓரம் மடிஞ்சிருக்கு. ஃபில்டர் புதுசா பளபளன்னு இருந்தாலும் இன்ஜின் மண்ணு தின்னுக்கிட்டுதான் இருக்கு.

பேப்பர் ஃபில்டர தண்ணியில அலசக்கூடாது. ஏர் அடிக்கறதா இருந்தா சுத்தமான பக்கத்துலருந்து அழுக்குப் பக்கம் பாத்து, ஒரு ஜாண் தள்ளி, 30 பிஎஸ்ஐக்குள்ள மெதுவா அடிக்கணும். பஞ்சர் கடையில முழு பிரஷர்ல வெச்சு அடிச்சா பேப்பர்ல கண்ணுக்கு தெரியாத ஓட்டை விழும். செங்கல் சூளை, குவாரி, மண் ரோடு பக்கம் ஓடற வண்டின்னா ஏர் அடிக்கறதோட நிக்காம மேனுவல்ல போட்டிருக்கற கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்திடுங்க.

ஒரு விஷயம், அழுக்கு ஃபில்டரால மைலேஜ் பாதியா குறையும்னு சொல்றாங்களே, அது கார்புரேட்டர் காலத்து கதை. அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009ல டெஸ்ட் பண்ணி, இப்ப இருக்கற இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டியில மைலேஜ்ல பெருசா வித்தியாசம் இல்ல, பிக்கப்தான் அடிபடுதுன்னு சொல்லிட்டாங்க. அதனால மைலேஜ் கொறஞ்சதுன்னு வந்தா ஃபில்டர் மேல மட்டும் பழி போட்டுட்டு நிறுத்தாதீங்க.

நம்ம ஊர்ல இன்னொரு பார்ட்டி உண்டு, எலி. ராத்திரி வண்டி சூடா இருக்கும், பாக்ஸுக்குள்ள கதகதப்பா தேங்கா நாரு, பஞ்சு, கோழி எலும்புன்னு குடும்பமே நடத்தும். பாக்ஸுக்கு காத்து வர்ற மூக்கையும் டார்ச் அடிச்சு பாருங்க, அங்க அடைச்சிருந்தா ஃபில்டர் எத்தனை தடவை மாத்தினாலும் பிக்கப் வராது.

மூடும்போது எல்லா கிளிப்பும் ‘டக்’னு விழணும். ஒரு கிளிப் உடைஞ்சிருந்தா ஸ்க்ரூ போட்டாவது இறுக்குங்க.

5. பெரிய ரப்பர் பைப்

பாக்ஸுக்கும் திராட்டிலுக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் பெல்லோஸ் இருக்கும். மேலருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும். கிழியறது எப்பவும் அடிப்பக்கம், மடிப்போட பள்ளத்துல.

சித்தப்பாவோட மாஃப் செடான் ஒண்ணு. நியூட்ரல்ல அமைதியா நிக்கும், கியர் போட்டு கிளட்ச் விட்டதும் முன்னும் பின்னும் குதிரை மாதிரி துள்ளும். ஒரு ஒர்க்ஷாப்ல பிளக், ஆக்ஸிஜன் சென்சார் ரெண்டையும் மாத்திட்டு பில் போட்டு அனுப்பிட்டாங்க, துள்ளல் போகல. நான் பெல்லோஸ ரெண்டு கையாலயும் புடிச்சு ஈரத்துணி பிழியற மாதிரி முறுக்கினேன், அடிப்பக்கம் மூணாவது மடிப்புல ஒரு வாய் திறந்துச்சு, சுண்டு விரல் நகம் அளவு. கைய விட்டா மூடிக்குது. கிளட்ச் விடும்போது இன்ஜின் மவுண்ட் மேல சாயும், பெல்லோஸ் இழுபடும், வாய் திறக்கும், நியூட்ரல்ல சாயாது, மூடியே இருக்கும். ஸ்கேனர் போட்டு நியூட்ரல்ல வெச்சு பாத்த வரைக்கும் யாருக்கும் புலப்படாததுக்கு காரணம் இதுதான்.

அதனால பாத்தா மட்டும் பத்தாது, முறுக்கணும், வளைக்கணும். கிளாம்ப் ரெண்டையும் கையால சுத்திப் பாருங்க, சுத்துச்சுன்னா லூஸ். ஓட்டை கிடைச்சா எம்சீல் போடாதீங்க, ரப்பர் வளையும், அது வளையாது, பேந்துடும். தனக்குத்தானே ஒட்டிக்கற சிலிக்கான் டேப்ப இழுத்து சுத்தினா புது பைப் வர்ற வரைக்கும் தாங்கும்.

6. சின்ன ஹோஸ்கள்

மேனிஃபோல்டுலருந்து கிளம்பற ஒவ்வொரு சின்ன ஹோஸும் லீக் ஆக வாய்ப்பு உள்ள இடம். மூணு முக்கியம்.

பிரேக் பூஸ்டர் ஹோஸ். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பிரேக்க நாலஞ்சு தடவை மிதிங்க, கல்லு மாதிரி ஆகும். மிதிச்ச கால எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ எறங்கணும். எறங்கலைன்னா, இல்ல மிதிக்கும்போது பெடல் பக்கத்துல ‘உஸ்’ஸுன்னு சத்தம் வந்து ஐடில் மாறினா, பூஸ்டர் இல்ல அதோட ஹோஸ். இது பிரேக் சமாச்சாரம், சரி பண்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.

பிசிவி. இன்ஜினுக்குள்ள இருக்கற புகைய திரும்ப இன்டேக்குக்கு அனுப்பற வால்வு, ஹோஸ். ஐடில்ல ஆயில் ஊத்தற மூடிய தூக்கினா லேசான இழுப்பு இருந்தா போதும். மூடியே வரமாட்டேங்கற அளவுக்கு இழுத்தா, விசில் அடிச்சா, வால்வு போச்சு. மாஃப் வண்டியில ஆயில் மூடி சரியா திருகலைன்னாலோ டிப்ஸ்டிக் பாதியில நின்னாலோ கூட ஐடில் ஆடும். ஆயில் சர்வீஸ் முடிஞ்ச மறுநாள் ப்ராப்ளம் ஆரம்பிச்சுதுன்னா முதல்ல இத பாருங்க.

பர்ஜ் வால்வு. பெட்ரோல் டேங்க் ஆவிய இன்ஜினுக்கு விடற வால்வு. ஃபுல் டேங்க் அடிச்சதும் பங்க்லயே ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கற வண்டின்னா சந்தேகம் இது மேலதான். இன்ஜின் குளிர்ச்சியா இருக்கும்போது ஐடில்ல, டேங்க் பக்கத்துலருந்து வர்ற ஹோஸ வால்வுலருந்து உருவி வால்வோட மூக்குல விரல் வைங்க. இழுக்கக்கூடாது. இழுத்தா வால்வு தொறந்தபடியே மாட்டிக்கிச்சு.

ஹோஸ் நுனி விரிஞ்சு போயிருந்தா ஓரத்துல அரை இஞ்ச் வெட்டிட்டு மறுபடி சொருகினாலே பிடிச்சுக்கும், நீளம் பத்துச்சுன்னா.

7. கண்ணுக்கு சிக்காத லீக்

இவ்வளவு பாத்தும் கிடைக்கல, ரீடிங் மட்டும் லீக்னு சொல்லுதுன்னா மேனிஃபோல்ட் கேஸ்கட், இன்ஜெக்டர் ஓரிங், திராட்டில் பாடி கேஸ்கட்னு ஜாயின்ட்ட அடைக்கற மூணு சீல்ல ஒண்ணு. ஐடில்ல வெச்சுட்டு ஸ்ப்ரே பாட்டில்ல சாதா தண்ணிய அந்த ஜாயின்டுகள்ல லேசா, ஒரு நேரத்துல ஒரு இடத்துல மட்டும் அடிங்க. ஓட்டை இருக்கற இடத்துல தண்ணி ஒரு செகண்டு அடைக்கும், சத்தம் மாறும், ஆர்பிஎம் மாறும். இக்னிஷன் காயில், பிளக், ஆல்டர்னேட்டர் மேல படாம பாத்துக்கோங்க.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு பாக்கறது பழைய வழக்கம், சீக்கிரம் தெரியும்தான், ஆனா பக்கத்துலயே எக்ஸாஸ்ட் நெருப்பா இருக்கும். ஊதுபத்தி கொளுத்தி புகை எங்க இழுக்குதுன்னு பாக்கறவங்களும் இருக்காங்க. பெட்ரோல் ஆவி இருக்கற இடத்துல கங்கு, வேண்டவே வேண்டாம்.

தண்ணியிலயும் தெரியலைன்னா ஸ்மோக் டெஸ்ட் மெஷின் இருக்கற இடமா பாத்து போங்க, 1 பிஎஸ்ஐ பிரஷர்ல புகைய விட்டா ஓட்டை தானா காட்டிக் குடுக்கும். பங்க் ஏர நேரா மேனிஃபோல்டுக்குள்ள விடாதீங்க, ஆயில் சீல் பிதுங்கிடும்.

8. இப்பதான் திராட்டில் பாடி

லீக் இல்லன்னு உறுதியான பிறகு இங்க வாங்க. லீக் இருக்கும்போது கழுவினா ஏற்கனவே கூட இருக்கற காத்து இன்னும் கூடும், எது எதனாலன்னு பிரிக்க முடியாது.

பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. எலக்ட்ரானிக் திராட்டில்ல சாவி ஆன்ல இருக்கும்போது தட்ட விரலால தள்ளினா உள்ள இருக்கற பிளாஸ்டிக் பல்லு போகும், மோட்டார் திடீர்னு மூடினா விரலும் போகும். திராட்டில் பாடி கிளீனர துணியில அடிச்சு துடைங்க, நேரா உள்ள ஊத்தாதீங்க. அழுக்கு வளையம் தட்டோட பின்பக்கம், ஓரத்துலதான் கருப்பா ஒட்டியிருக்கும். சில வண்டியில ஓரத்துல சாம்பல் கலர்ல ஒரு கோட்டிங் கம்பெனியே போட்டிருக்கும், அத அழுக்குன்னு நெனச்சு சொரண்டாதீங்க. அது போச்சுன்னா ஐடில் கடைசி வரைக்கும் படியாது.

பழைய கேபிள் டைப்னா பக்கத்துல இருக்கற ஐடில் வால்வோட பாதையையும் சேத்து துடைக்கணும், பாதி நேரம் அங்கதான் அடைப்பு.

துணிய எண்ணி உள்ள கொண்டு போங்க, எண்ணி வெளிய எடுங்க. பையன் ஒருத்தன் முதல் தடவை செய்யும்போது பெல்லோஸுக்குள்ள பனியன் துணிய வெச்சுட்டு மாட்டிட்டான், ஸ்டார்ட் ஆகுது, மிதிச்சா உடனே அணையுது. ஒரு மணி நேரம் சென்சார் பிளக்க எல்லாம் கழட்டி மாட்டிட்டு இருந்தோம்.

9. சென்சார்கள்

மாஃபுக்கு மாஃப் கிளீனர் மட்டும்தான். உள்ள இருக்கறது முடி மாதிரி கம்பி, துணி, பட்ஸ், விரல் எதுவும் படக்கூடாது. தள்ளி நின்னு பத்து பன்னெண்டு தடவை அடிச்சுட்டு 20 நிமிஷம் காய விட்டு மாட்டுங்க. ஆயில் போடற ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் மாட்டினவங்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும், அந்த ஆயில்தான் போய் கம்பியில ஒட்டுது.

மேப் சென்சார்ல ஓட்டை ஆயில் கரியால அடைச்சிருக்கலாம். கழட்டி துடைச்சுட்டு, 3வது ஸ்டெப்ல எழுதின சாவி ஆன் ரீடிங்க மறுபடி பாருங்க. அப்பவும் ஊர் பிரஷரோட ஒத்துவரலைன்னா, பிளக் வயரும் சரியா இருந்தா, அப்ப மாத்துங்க.

10. டீசலும், மழைத் தண்ணியும்

டர்போ டீசல்ல கதை வேற. அங்க டர்போவுக்கு அப்புறம் காத்த உள்ள தள்ளுது, அதனால ஓட்டை இருந்தா வெளிய அடிக்கும். மிதிச்சா ‘ஸ்ஸ்’னு சத்தம், கருப்புப் புகை, பிக்கப் இல்ல, பி0299 கோடு. இன்டர்கூலர் (டர்போ தள்ளற காத்த குளிர வைக்கற பாகம்) ஹோஸ்களோட கிளாம்ப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு புதுசா தெறிச்சிருந்தா லீக் அங்கதான். ஹோஸுக்கு உள்ள லேசா ஆயில் ஈரம் இருக்கறது சகஜம், அதுக்காக டர்போ போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

தண்ணியில போய் வண்டி நின்னுடுச்சுன்னா செல்ஃப் அடிக்காதீங்க. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல மாட்டின வண்டிகளுக்கு திரும்பத் திரும்ப சொன்ன விஷயம் இது. தண்ணி அமுங்காது, சிலிண்டருக்குள்ள போயிருந்தா ஒரு செல்ஃப்லயே கனெக்டிங் ராடு வளையும். ஃபில்டர் பாக்ஸ தொறந்து ஃபில்டர தொட்டுப் பாருங்க, நனைஞ்சிருந்தா இழுத்துட்டுப் போற டோயிங் வண்டிய கூப்பிடுங்க.

11. மாட்டிட்டு ட்ரையல்

எல்லா பிளக்கும் மாட்டியாச்சான்னு போட்டோவோட ஒப்பிட்டு பாத்துட்டு இப்ப கோட அழிங்க. திராட்டில் கழுவினிருந்தா ஐடில் கொஞ்ச நேரம் கூடவே நிக்கும், ஏன்னா இசியு இன்னும் பழைய அழுக்குக்கு ஏத்த அளவு தட்ட தொறந்து வெச்சிருக்கு. மிதிக்காம, ஏசி போடாம ஃபேன் ஒரு தடவை சுத்தற வரைக்கும் ஐடில்ல விடுங்க, அப்புறம் ஏசி போட்டு அஞ்சு நிமிஷம், அப்புறம் ஒரு 10, 15 கிலோமீட்டர் எல்லா கியர்லயும் ஓட்டுங்க. சில மாடலுக்கு ஸ்கேனர் வழியாத்தான் ஐடில் ரீசெட் பண்ண முடியும், ரெண்டு நாளாகியும் எறங்கலைன்னா அதுக்கு போங்க.

அன்னிக்கே ட்ரிம் பாத்துட்டு சரியாயிடுச்சுன்னு சொல்லாதீங்க, அழிச்ச உடனே எல்லாம் பூஜ்யமாத்தான் இருக்கும். மூணு நாலு நாள் ஓட்டிட்டு, அதே மாதிரி இன்ஜின் சூடா, ஏசி ஆஃப்ல, ஐடில்ல ஒண்ணு 2500ல ஒண்ணு எடுத்து முதல் நாள் பேப்பருக்கு பக்கத்துல எழுதுங்க. சித்தப்பா வண்டியில சும்மா நின்னு பாத்தப்ப +6தான் இருந்துச்சு, பிரேக்க அழுத்திக்கிட்டு முதல் கியர்ல கிளட்ச லேசா விட்டு இன்ஜின சாய வெச்சு பாத்தப்ப +19. பெல்லோஸ் மாத்தி நாலாவது நாள் ரெண்டு விதத்துலயும் பாத்தேன், +3, +3.